குடோனைக் காலி செய்யும் முன்: சிவகாசி காலண்டர் அச்சக முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளிமார்களுக்கும், இன்று அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தொழிலைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் வணக்கம்.

நான் மதுரைக்காரன். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி, முழங்கால் மக்கர் செய்கிற வரை உங்கள் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாசி வீதிகளிலும் கீழவாசல் பக்கமும் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்த ஏஜெண்ட். உங்களில் சிலருடைய அப்பாக்களுக்கு என்னைத் தெரியும். கமிஷன் பாக்கி எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். கேட்க வந்த விஷயம் வேறு.

1950களிலும் 60களிலும் உங்கள் அச்சகங்கள் போட்ட சாமி படங்கள், தலைவர் படங்கள், பாரத மாதா படங்கள், அவற்றைத் தொகுத்த ஆல்பங்கள், ஓவியர்கள் தம் கையால் வரைந்து கொடுத்த மூலப் படங்கள் ஆகியவற்றில் ஏதாவது உங்கள் குடோனில் மிஞ்சி இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஒரு பொது நூலகத்துக்குக் கொடுங்கள். இவ்வளவுதான் என் விண்ணப்பம். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

எனக்குத் தெரிந்த ஒரு அச்சகம் சில வருடங்களுக்கு முன் கைமாறியது. பெயர் வேண்டாம். புதிதாக வந்தவர்கள் மெஷின் போட இடம் வேண்டுமென்று பின்கட்டைக் காலி செய்தார்கள். விஷயம் தெரிந்து நான் போய் நிற்பதற்குள் இரண்டு தலைமுறை ஆல்பங்கள் பழைய பேப்பர் வண்டியில் ஏறிவிட்டன. வாசலில் ஒரு தாள் மட்டும் கிடந்தது. பாதி கிழிந்த முருகன். மயிலின் தோகையில் ஐந்தாறு விதப் பச்சை. ஓரத்தில் படத்தின் நம்பர் இருந்தது, ஓவியர் கையெழுத்து இருந்த மூலை இல்லை. விற்றவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டதற்கு அவர், "அண்ணாச்சி, விற்காத பழைய காலண்டர யாரு வச்சிருப்பா?" என்றார். வியாபாரியாக அவர் கேட்டது சரிதான். தேதி போன காலண்டருக்கு என்ன மதிப்பு?

அந்தத் தேதியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். 1950 ஜனவரி 26 அன்று இந்த நாடு குடியரசானது. அந்தக் குடியரசு முதன்முதலில் அச்சடித்த பெரிய புத்தகம் எப்படி இருந்தது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? அரசியலமைப்புச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்பவர் அதை முழுக்கக் கையால் எழுதினார். பக்கங்களுக்குப் படம் போட்டவர்கள் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும். அதைப் படமெடுத்து, கல்லச்சு வழி வந்த லித்தோ முறையில் அச்சடித்தது டேராடூனில் இருந்த சர்வே ஆஃப் இந்தியா அலுவலகம், அதாவது வரைபடம் அடிக்கிற இடம். உங்கள் தாத்தாக்கள் தீப்பெட்டி லேபிள் அடித்தார்களே, அதே லித்தோ குடும்பம்தான்.

அந்தப் புத்தகத்தில் என்னென்ன படங்கள் என்று பாருங்கள். அடிப்படை உரிமைகள் பகுதி தொடங்கும் இடத்தில் ராமர், சீதை, லட்சுமணர். இன்னொரு பகுதியில் நடராஜர். வேறொன்றில் நம்ம மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம். புத்தர் உண்டு, மகாவீரர் உண்டு, அக்பர் உண்டு. சிவாஜியும் குரு கோவிந்த் சிங்கும் ஒரே பகுதியில். ஜான்சி ராணியும் திப்பு சுல்தானும் ஒரே பகுதியில். தண்டிக்கு நடக்கிற காந்தி, சல்யூட் அடிக்கிற நேதாஜி. முதல் தடவை அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது நம்ம ஆல்பம் அல்லவா! சாமி, தலைவர், சாமி, தலைவர். கடைக்காரர் முன்னால் நான் புரட்டிக் காட்டிய அதே வரிசை. டெல்லியில் உட்கார்ந்திருந்த படித்தவர்களும் சிவகாசியில் மை படிந்த கையோடு நின்றவர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். புது நாட்டை ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் அவர்கள் கும்பிடுகிற சாமிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் காட்ட முடியும் என்ற முடிவு.

அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும். சண்டை போடுவதற்காவது படம் வேண்டுமே.

டெல்லிப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி நாடாளுமன்ற நூலகத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது. சிவகாசிப் புத்தகம் எடைக்குப் போகிறது. இத்தனைக்கும் அரசியலமைப்பின் அந்தப் படப் பதிப்பு அச்சானது ஆயிரம் பிரதிதான். உங்கள் படங்களோ, குடிசையில் குச்சியால் குத்திய மண்சுவரிலும் தொங்கின, பங்களாவிலும் தொங்கின.

உங்கள் ஊர் கதையை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1899இல் சிவகாசி கொள்ளை என்று சொல்கிற சாதிக் கலவரம் நடந்தது. கோயிலுக்குள் உங்களில் பலருடைய முன்னோர்களான நாடார்கள் நுழையலாமா கூடாதா என்பதுதான் அதன் அடியில் கிடந்த கேள்வி. அதற்கு இரண்டு வருடம் முன்னால் கமுதியில் கோயிலுக்குள் போனதற்கு ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். அந்த வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8 அன்று கூட்டிக்கொண்டு போனவர்களில் ஐந்து பேர் அன்று அரிஜனங்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், ஒருவர் நாடார். கக்கன் அந்த ஐவரில் ஒருவர். அப்புறம்தான் சட்டம் வந்தது, அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு வந்தது, இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்று எழுதியாயிற்று.

இந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் காலண்டரைப் பாருங்கள். மீனாட்சி கல்யாணத்தைச் சன்னதிக்கு வெளியே நின்றுகூடப் பார்க்க விடாத காலத்தில் பிறந்தவர்கள், அந்த மீனாட்சியை எட்டு, பத்து வர்ணத்தில் அச்சடித்து லாரி லாரியாக இந்தியா முழுக்க அனுப்பினார்கள். சுவரில் மாட்டிய காலண்டர் சாமியைக் கும்பிட எவனும் எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தட்டில் காசு போட வேண்டாம். எந்தச் சாதிக்காரர் வீட்டுக்கும் அதே படம், அதே விலை. ரவி வர்மாவின் அச்சகம் இந்தக் கதவை முன்பே கொஞ்சம் திறந்ததுதான். முழுசாகத் திறந்துவிட்டது சிவகாசி. வியாபாரத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் செய்த காரியம் சின்னதாகிவிடுமா?

படம் போட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையில் அடங்காது, பரவாயில்லை.

சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அந்தப் பிழைப்பு கோவில்பட்டியில் வந்து நின்றபோது அங்கேயே தங்கி ஸ்டுடியோ போட்டார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று அவரிடம் கற்றவர்கள் ஒரு பரம்பரையாகவே வளர்ந்தார்கள். தென்னாட்டு வீடுகளில் லட்சுமி என்றால் இந்த முகம், முருகன் என்றால் இந்தச் சிரிப்பு என்று நம் மனதில் நிற்கிறதே, அதில் பெரும்பங்கு கோவில்பட்டிக்காரர்களுடையது. 1976இல் அவர் காலமானார்.

அவர் படத்தை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பின்னால் தெரிகிற தூண் வரிசை உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கோடியில் சின்னதாய் ஒரு ஏரி, அதற்கப்பால் மலை. அது கோயில் இல்லை, நாடக மேடையின் திரை! பட்டுத் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருப்பார், குஞ்சம் தொங்கும். சாமி நடுவில் நின்று நேராக நம்மைப் பார்க்கும். மேடையில் கதாநாயகன் முன்னால் வந்து நின்று முதல் பாட்டை எடுக்கிற நிலை அது. இதே மேடையில்தான் பிறகு பாரத மாதாவும் வந்து நின்றாள், சிங்கத்தோடு. இதே திரைக்கு முன்னால்தான் காந்தியும் நேருவும் வந்து நின்றார்கள். முருகனுக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டம் காந்திக்குப் பின்னாலும் வந்தது. வரைந்தவர்களுக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. காந்தி கொல்லப்பட்ட பிறகு அவர் வானுலகம் ஏறுவதாகவே நாட்டின் பல ஊர்களில் படம் போட்டு விற்றார்கள். 1965 யுத்தத்தில் சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்றார், சிப்பாயும் உழவரும் காலண்டரில் ஜோடி சேர்ந்துவிட்டார்கள்.

இந்த ஓவியர்களுக்கு அச்சகம் ஒரு தடவை விலை கொடுத்து மூலத்தை வாங்கிக்கொள்ளும். அத்தோடு சரி. அந்த ஒரு படத்தை எத்தனை வருடம், எத்தனை லட்சம் அடித்தாலும் பிறகு பேச்சில்லை. அன்றைய வழக்கம் அது. அதற்கு இன்று கணக்குக் கேட்க நான் வரவில்லை. ஆனால் மூலப் படம் உங்கள் அலமாரியில் இருக்கிறது என்றால், அதற்கு அர்த்தம் அந்த மனிதரின் தூரிகை பட்ட ஒரே பொருள் உங்களிடம்தான் இருக்கிறது என்பது. கல்லில் எதுவும் மிஞ்சவில்லை, அது உங்களுக்கே தெரியும். ஜெர்மனியிலிருந்து வந்த அந்தச் சுண்ணாம்புக் கல்லில் நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து, புள்ளி புள்ளியாக, அதுவும் இடவலம் மாற்றி வரைவார்கள். அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்துவிடுவார்கள். சரஸ்வதியைத் தேய்த்து அழித்த கல்லில் நேரு வருவார், நேருவை அழித்துவிட்டு வேளாங்கண்ணி மாதா. மிச்சம் நிற்பது தாள் மட்டும்தான். அதனால்தான் தாளைக் கேட்கிறேன்.

ஆல்பத்தை நான் கடையில் விரித்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். இதை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்த்தது எங்களைப் போன்ற ஏஜெண்டுகள்தான். நகைக்கடைக்காரர் பேசவே மாட்டார், நேராக லட்சுமி பக்கத்துக்குப் போவார். அதிலும் காசு கொட்டுகிற கை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரி, அவருக்குக் குலதெய்வம் வேறு, ஆனால் வாடிக்கையாளர் எல்லா ஊரும் என்பதால் பிள்ளையார். முஸ்லிம் வியாபாரிகளுக்கு மக்கா, மதீனா. பாதிரியார் பள்ளிக்கூடத்துக்கு இயேசுவின் திரு இருதயம். டாக்டர்களுக்குக் கொழுகொழு குழந்தை. சாமி வேண்டாம் என்கிற கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் வருடா வருடம் அருவி எடுப்பார். ஒரு வருடம் மட்டும் பெரியார் படம் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்ததும் நூற்றுக்குப் பதில் இருநூறு ஆர்டர் கொடுத்தார். கதர்க்கடையில் காந்தி, அப்புறம் காமராஜர். விருதுநகர்க்காரர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 63 வரையிலான காலத்தில்தான் உங்கள் ஊர்த் தொழில் ஊன்றி நின்றது என்பார்கள் பழைய ஆட்கள். 1967க்குப் பிறகு அண்ணா.

ஆக, எந்த வருடம் எந்தப் பக்கத்துக்கு எத்தனை ஆர்டர் என்று பார்த்தால், இந்த நாட்டு ஜனங்கள் அந்த வருடம் யாரை நம்பினார்கள் என்று தெரிந்துபோகும். தேர்தல் கணக்கில் தெரியாதது கூட இதில் தெரியும். உங்கள் பழைய ஆர்டர் புத்தகங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

படத்துக்கு அடியில் கடைப் பெயருக்கென்று வெற்றிடம் விட்டு அனுப்புவீர்களே, அதையும் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அந்த இடத்தை எங்கள் ஊரில் காலால் மிதித்து ஓட்டும் சின்ன டிரெடில் பிரஸ்காரர்தான் நிரப்புவார். மேலே பல வர்ணத்தில் சிவகாசி, கீழே ஒற்றை நிறத்தில் உள்ளூர். மூன்று இலக்க டெலிபோன் நம்பர், இப்போது இல்லாத தெருப்பெயர், மூடிப்போன மில்லின் நூல் ஏஜென்சி. பஜார் சரித்திரம் எழுத நினைக்கிறவருக்கு அந்த இரண்டு அங்குலம் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடியரசான அதே 1950இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேசியக் கொடி, அரசு முத்திரை, தலைவர்கள் பெயர், படம் ஆகியவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம். அதன் அட்டவணையில் காந்தி, நேரு, சத்ரபதி சிவாஜி படங்களுக்குத் தடை சொல்கிற இடத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. காலண்டரில் போடலாம், ஆனால் காலண்டரைத் தயாரித்தவர், அச்சடித்தவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், சரக்கை விளம்பரம் செய்யக் கூடாது. அப்படியானால் காந்தி படத்துக்குக் கீழே எண்ணெய்க் கடை பெயர் போட்டு நான் விற்றதெல்லாம்? விடுங்கள். ஆயிரக்கணக்கான ஊர்களில் அப்படித்தான் தொங்கியது, எந்த அதிகாரியும் சுவரைப் பார்த்து வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இளம் குடியரசு தன் தலைவர்களின் முகத்தைக் கடைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற நினைத்தபோதும் காலண்டருக்கு மட்டும் சட்டத்திலேயே தனியாக ஓர் இடம் விட்டது. காலண்டர் இல்லாமல் அந்த முகங்கள் வீடு போய்ச் சேராது என்பது டெல்லிக்கும் தெரிந்திருந்தது.

அரசாங்கமே ஒரு காலண்டர் போட்டது தெரியுமா? விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் 1952இல் குழு அமைத்து, நாடு முழுவதற்கும் பொதுவாக, ‘சக’ என்ற பழைய ஆண்டுக் கணக்கில் ஒரு காலண்டரை உருவாக்கி, 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அரசிதழில் இன்றும் அந்தத் தேதி வருகிறது. ஆனால் அதைப் பார்த்து யாராவது கல்யாணத்துக்கு நாள் குறித்தார்களா? ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், முகூர்த்த நாள், கூடவே ஹிஜ்ரி தேதி, அரசு விடுமுறை என்று எல்லாவற்றையும் ஒரு சின்னத் தாளில் அடக்கி நீங்கள் கொடுத்த தினசரிக் காலண்டர்தான் வீட்டை ஆண்டது. விஞ்ஞானி சொன்ன காலத்தைவிட சிவகாசி சொன்ன காலம்தான் ஜெயித்தது. இதில் எனக்குப் பெருமை பாதி, வருத்தம் பாதி.

இனி அரசு நூலகங்கள் பக்கம். "இவ்வளவு முக்கியமென்றால் அரசாங்கம் ஏன் சேர்த்து வைக்கவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1954இல் நூல்களை நூலகங்களுக்கு அனுப்பும் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி, இந்தியாவில் புத்தகம் வெளியிடுகிற யாரும் வெளியான 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், மற்ற மூன்று நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதியும் தம் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று சென்னை கன்னிமாரா. அந்தச் சட்டத்தில் புத்தகம் என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். நூல், துண்டு நூல், தனியாக அச்சடித்த அல்லது லித்தோ போட்ட இசைத்தாள், வரைபடம், அட்டவணைப் படம், திட்டப்படம் எல்லாம் அதில் வரும். லித்தோ என்ற வார்த்தை வரைக்கும் வந்தவர்கள் படம், காலண்டர் என்று இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் நாட்டில் லித்தோ மெஷின்கள் பெரும்பாலும் எதை அடித்துக்கொண்டிருந்தன என்று சட்டம் எழுதியவர் ஒரு தரம் தன் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அனுப்பாதவருக்கு அபராதம் 50 ரூபாய் வரை, கூடப் புத்தகத்தின் விலை என்றும் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அப்படியே எழுபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பொது நூலகத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக வாங்கி வைக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. கேட்டு வாங்குங்கள். இதற்கு ஒரு அரசாணையும் ஒரு வேனும் போதும்.

வெளியூர்க்காரர்கள் இதன் அருமையை முன்பே கண்டுகொண்டார்கள். டெல்லியில் ஒரு தனியார் சேகரிப்பில் இருந்த இப்படிப்பட்ட பழைய படங்களை ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கல் வந்தது ஜெர்மனியிலிருந்து, படம் போனதும் ஜெர்மனிக்கா? அவர்கள் செய்தது நல்ல காரியம், அதில் குறையில்லை. ஆனால் சிவகாசிப் பிள்ளை தன் தாத்தா அச்சடித்த படத்தைப் பார்க்க ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போக வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

யாருக்குக் கொடுப்பது? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு மனிதர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை வைத்துத் தொடங்கிய இடம். துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர் தூக்கி எறிந்ததை அவர் சேர்த்தார். தாளைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். கன்னிமாரா இருக்கிறது. இவ்வளவு தூரம் எதற்கு என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எங்கள் மதுரையிலேயே இருக்கிறது, உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். அங்கே சிவகாசிக்கென்று ஒரு தளம் அல்ல, ஒரு அறை ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் கொடுக்காமலா போவார்கள்? நீங்கள் நாலு முதலாளிகள் சேர்ந்து போய்க் கேட்டால் கொடுப்பார்கள். நான் ஒருவன் போய்க் கேட்டால் டோக்கன் வாங்கி உட்காரச் சொல்வார்கள்.

கொடுக்கும்போது சில விஷயம். படத்தின் மேலும் கீழும் இருக்கிற தகரப் பட்டையை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், துருவோடு தாளும் சேர்ந்து வந்துவிடும். நூலகத்தில் நிதானமாகக் கழற்றுவார்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நல்லதென்று நினைத்துச் செய்து நிறையப் படங்கள் பாழாகிவிட்டன. எந்த வருடம், யார் வரைந்தது, எந்த மெஷினில் ஓடியது என்று உங்கள் அச்சகத்துப் பழைய ஃபோர்மேனுக்குத் தெரிந்திருக்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துவிடுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் நம்பர், பேனா கூடாது.

உரிமை போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். பொருளைக் கொடுப்பது வேறு, மறுபடி அச்சடிக்கும் உரிமையைக் கொடுப்பது வேறு. நூலகத்தோடு ஒரு கடிதத்தில் அதை எழுதி வாங்கிக்கொள்ளலாம். மூலப் படத்தைப் பிரிய மனமில்லை என்றால் அதுவும் புரிகிறது. பூஜை அறையில் வைத்திருப்பவர்களும் உங்களில் உண்டு என்று எனக்குத் தெரியும். சரி, வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்கேன் ஒன்று எடுக்க மட்டும் அனுமதியுங்கள்.

இன்னும் ஒன்று, இது பழைய படங்களுக்கு இல்லை, இனி வரப் போகிறவற்றுக்கு. இப்போது கம்ப்யூட்டரில்தான் சாமி வருகிறது. யார் செய்தார் என்று பெயரே இருப்பதில்லை. கொண்டைய ராஜு காலத்தில் ஒரு மூலையிலாவது கையெழுத்து இருந்தது. உங்கள் டிசைனர் பையன் பெயரையும் வருடத்தையும் பொடி எழுத்தில் ஓரத்தில் போடுங்கள். மை செலவு ஒன்றுமில்லை.

ஆடிப்பெருக்கு வருகிறது. வழக்கம்போல் பூஜை போட்டுப் புது ஆல்பம் வெளியிடுவீர்கள். அதற்கு முன்னால், ஆனி மாதத்தில், குடோனை ஒழுங்கு செய்து பழையதைத் தள்ளிவிடுவது உங்கள் வழக்கம் என்றும் எனக்குத் தெரியும். அந்த வாரத்தில் பழைய பேப்பர் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் நூலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். வண்டி அனுப்ப அவர்கள் தாமதித்தால் என் போன்ற ஏஜெண்டுகள் மதுரையில் இன்னும் சிலர் இருக்கிறோம், சங்கத்தில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். வாடகை வண்டி பிடித்து நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். எடைக்கு என்ன விலை வருமோ அதையும் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய காலண்டர் ஏஜெண்ட்,
மதுரை